பைக் எஞ்சின் கிட் கார்: பெட்ரோலும் முதுகும் தப்பிக்க ஒரு வழிகாட்டி

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து நானும் நண்பனும் கணக்குப் போட்டோம். பாகங்களை வாங்கி நாமே பூட்டிக் கட்டும் கிட் கார்: 650 சி.சி. பைக் எஞ்சின், 450 கிலோ எடையில் இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி. மைலேஜ் கிட்டத்தட்ட பைக் மாதிரியே வரும் என்று முடிவு செய்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

கட்டி முடித்த வண்டிக்கு முதல் நாள் பந்தயத் தடத்தில் லிட்டருக்கு 6 கி.மீ.தான் கிடைத்தது. மூன்றாவது ஓட்டத்தின் நடுவில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. இறங்கியபோது காதில் விசில், இடுப்பில் பிடிப்பு, வலது தொடையில் சைலன்சர் சூடு பட்ட சிவப்பு. அடுத்த எட்டு மாதம் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரி செய்தபோது ஒன்று புரிந்தது. பெட்ரோல் குடிப்பதும் உடம்பு நோவதும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: எஞ்சின் தேவைக்கு மேல் சுற்றுவது. சுற்றைக் குறைத்தால் சத்தம், சூடு, அதிர்வு, செலவு நான்கும் சேர்ந்தே இறங்கும்.

நீங்கள் பெங்களூரில் இப்படி ஒரு வண்டி கட்டப் போகிறீர்கள், அல்லது பாதி கட்டிய ஒன்றை யாரிடமாவது வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெல்டிங், சஸ்பென்ஷன் பக்கமெல்லாம் போகவில்லை.

1. சாலைக் கனவை முதலிலேயே விட்டுவிடுங்கள்

கிட் கார் மைலேஜ் பற்றி நீங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் பிரிட்டன்காரர்கள் எழுதியதாக இருக்கும். அங்கே ஒற்றை வண்டியைச் சோதித்துப் பார்த்து நம்பர் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதனால் வீட்டில் கட்டிய வண்டியில் நெடுஞ்சாலையில் ஊர் சுற்றுகிறார்கள். அவர்கள் சொல்லும் கேலனுக்கு 30 மைல் என்பது நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 10.6 கி.மீ. பிரிட்டன் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், மாற்றிப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

இங்கே கதை வேறு. பொதுச் சாலைக்கு வரும் வண்டியின் மாடலை மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் இருக்கும் ஐகேட் போன்ற அமைப்பு ஒன்று சோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும். பட்டறையில் கட்டிய ஒரே ஒரு வண்டிக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

"பழைய கார் ஒன்றின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டிவிடலாம் சார்" என்று ஒரு ஏஜெண்ட் என்னிடம் 60,000 ரூபாய் கேட்டார். கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளர் செய்யும் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. பதிவே இல்லாமல் பொது இடத்தில் ஓட்டினால் 192-ஆம் பிரிவில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள், கட்டிவிடலாம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியில் ஒருவரை இடித்துவிட்டால் வரும் இழப்பீடு வீட்டையே விற்கவைக்கும். "ராத்திரி ஒரு மணிக்கு ரிங் ரோட்டில் ஒரு ரவுண்ட்" என்று யாராவது ஆரம்பித்தால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, இது தடத்துக்கான வண்டி. பெங்களூரிலிருந்து எட்டக்கூடியவற்றில் இரண்டு: கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 360 கி.மீ.; ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம், சுமார் 300 கி.மீ. டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்துக்கு வண்டி அனுப்பும் செலவில் இன்னொரு எஞ்சினே வாங்கிவிடலாம்.

2. எஞ்சினுக்கு முன்னால் காகிதம்

சிவாஜிநகர் சந்துகளில் பைக் எஞ்சின் கிடைக்கும். பில் இல்லாதது பாதி விலைக்குக் கிடைக்கும். எனக்கும் ஒன்று காட்டினார்கள். எண் பொறித்திருக்கும் இடத்தில் கிரைண்டர் ஓடியிருந்தது. திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் ஷெட்டில் கிடந்தால், "ஓடவே இல்லை சார், தடத்துக்குத்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது.

விபத்தில் உடைந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று தீர்த்துவிட்ட பைக்கை முழுசாக வாங்குவதே நல்லது. கையில் வர வேண்டியவை: ஆர்.சி. நகல், கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம், முழு இழப்புத் தீர்வுக் கடிதம், விற்றவரின் அடையாள அட்டை நகலோடு கையெழுத்துப் போட்ட விற்பனைக் கடிதம். அதில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். இனி ஓடவே முடியாத வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அந்த ரத்துக்கான ரசீது நகல் கைக்கு வரும் வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள். எனக்கு இது ஐந்து வாரம் இழுத்தது. எஞ்சின், வயரிங், எஞ்சினை இயக்கும் குட்டிக் கணினியான இ.சி.யு., ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 1,70,000 ரூபாய் ஆனது. பாக்கி 30,000-ஐ ரசீது வந்த அன்றுதான் கொடுத்தேன்.

எஞ்சினை மட்டும் கழற்றி வாங்கிய ஒருவர், சாவியும் இ.சி.யு.வும் இல்லாமல் நான்கு மாதம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். முழு வயரிங், சாவி, மீட்டர், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப், பைக் சாய்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சார் எல்லாம் ஒன்றாக வர வேண்டும். அந்தச் சென்சாரைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தோம்.

எந்த எஞ்சின்? 390 சி.சி. ஒற்றை சிலிண்டர் மலிவு; பொறியியல் மாணவர்கள் தங்கள் ஃபார்முலா கார்களுக்கு அதைத்தான் விரும்புகிறார்கள். 1,340 சி.சி. ஹயபுசாவில் சக்தி கொட்டும், பணமும் கொட்டும். நாள் முழுக்க ஓட்ட வேண்டும், முதுகும் பிழைக்க வேண்டும் என்றால் தண்ணீரில் குளிரும் 650 இரட்டை சிலிண்டர்தான் என் தேர்வு. நாங்கள் போட்டது கவாசாகி நிஞ்ஜா 650-இன் 649 சி.சி. எஞ்சின். கீழே வரும் கணக்கும் அதற்கே.

3. பல் எண்ணிக்கை: இங்கேதான் பாதி மைலேஜ் ஒளிந்திருக்கிறது

நாங்கள் செய்த பெரிய தவறு, பைக்கில் இருந்த ஸ்ப்ராக்கெட்டையே, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தையே, வண்டியிலும் போட்டது. கணக்கைப் பாருங்கள்.

நிஞ்ஜா 650-இல் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு முதல் குறைப்பு 2.095. ஆறாவது கியர் 0.852. முன் ஸ்ப்ராக்கெட் 15 பல், பின் 46 பல், அதாவது 3.067. மூன்றையும் பெருக்கினால், பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 5.47 முறை சுற்ற வேண்டும்.

பைக்கின் பின் டயர் 160/60-17. அதன் சுற்றளவு சுமார் 1.96 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 850 முறை சுற்றும். எஞ்சின் 4,650 சுற்றில் இருக்கும். எங்கள் வண்டியில் போட்டது 165/65 ஆர்13 கார் டயர். சுற்றளவு 1.71 மீட்டர்தான். அதே 100 கி.மீ. வேகத்துக்குச் சக்கரம் 974 முறை சுற்ற வேண்டும். எஞ்சின் 5,330-க்கு ஏறிவிடுகிறது. ஒன்றுமே செய்யாமல் 680 சுற்று வீண். டயர் சின்னதானதற்கு எஞ்சின் கட்டும் வரி இது.

பின் ஸ்ப்ராக்கெட்டை 40 பல்லுக்குக் குறைத்தால் 100 கி.மீ. வேகத்தில் 4,640 சுற்று. பைக்கில் இருந்த நிலைக்கே திரும்பிவிடும். உங்கள் எஞ்சினுக்கு இப்படிப் போடுங்கள்:

வேகம் × 1000 ÷ 60 ÷ டயர் சுற்றளவு மீட்டரில் × (பின் பல் ÷ முன் பல்) × மேல் கியர் விகிதம் × முதல் குறைப்பு.

விகிதங்கள் பைக்கின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். டயர் சுற்றளவை மட்டும் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆளை உட்கார வைத்து, ஒரு சுற்று உருட்டித் தரையில் டேப் வைத்து அளங்கள். எடை ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும்.

அப்படியானால் 36 பல் போட்டால் இன்னும் நல்லதா? இல்லை. பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 270 கிலோதான் இருப்பார்கள். நம் வண்டி ஆளோடு 520. உயர்ந்த கியரிங்கில் அவ்வளவு எடையை நகர்த்தும்போது கிளட்ச் வழுக்கி வழுக்கிக் கருகும். பைக் கிளட்ச் பூவாட்டம். காருக்கு உழைக்கப் பிறந்ததல்ல. நாங்கள் 38-ஐப் போட்டுப் பார்த்தோம். தடத்தின் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டிலிருந்து கிளம்பும்போதே கருகல் வாசனை வந்தது. கடைசியில் 40-இல் நின்றோம். கோவை மாதிரித் திருப்பம் அதிகமான குட்டைத் தடத்தில் 42-ம் பரவாயில்லை.

செலவு: ஜே.சி. ரோட்டில் தயாராக இருப்பது பைக்கின் அளவுகள்தான். வேறு பல் எண்ணிக்கை வேண்டுமென்றால் பீன்யாவில் வெட்டித் தருவார்கள். எங்களுக்கு ஆனது 2,800 ரூபாய், பத்து நாள். செயின் அளவு 520 என்பதைச் சொல்லிக் கொடுங்கள். தர்மபுரிக்காரர் ஒருவர் லேத் வைத்திருக்கிறார், அவர் ஸ்ப்ராக்கெட்டைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "தம்பி, செயின்ல எத்தனை கண்ணி கழட்டணும்னு பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். பல் குறைந்தால் செயினும் நீளமாகத் தொங்கும். இணைப்புக் கண்ணி ரிவெட் அடித்ததாகவே இருக்கட்டும், கிளிப் வேண்டாம். செயினுக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவில் கெட்டியான இரும்புத் தகடு கட்டாயம்.

4. ஆயில்

இது மைலேஜ் விஷயமல்ல, ஆனால் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். பைக் திருப்பத்தில் சாயும். அதனால் ஆயில் எப்போதும் அடியிலேயே நிற்கும். கார் சாயாது. ஆயில் பக்கவாட்டில் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். சில வினாடி போதும், பேரிங் போய்விடும். நீளமான திருப்பம் ஒவ்வொன்றிலும் இந்த ஆபத்து உண்டு. ஆயில் தட்டில் தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டு செய்யுங்கள் (எங்களுக்கு 3,500 ரூபாய்), ஆயில் அழுத்த விளக்கைக் கண்ணெதிரே பெரிதாக வையுங்கள். கார் ஆயில் ஊற்றாதீர்கள்; பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, வழுக்க ஆரம்பித்துவிடும்.

5. பெட்ரோலை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தடத்தில் எதற்கு மைலேஜ் என்று கேட்பார்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ பெட்ரோலியச் சட்டம் 30 லிட்டர் வரைதான் அனுமதிக்கிறது. அதுவும் உலோகக் கேனில், ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல் போகாமல், இறுக்கமான மூடியோடு. இருபது நிமிட ஓட்டம் ஒன்றில் எங்களுக்குச் சுமார் 30 கி.மீ. ஆகிறது. ஐந்து ஓட்டம் என்றால் 150 கி.மீ. லிட்டருக்கு 6 கிடைத்தால் 25 லிட்டர் வேண்டும். வண்டியைச் சூடாக்குவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்ந்து எல்லையை முட்டிவிடும். 8.5 கிடைத்தால் 18 லிட்டரில் நாள் முடியும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

பெட்ரோல் பங்குக்கு முந்தின நாளே போய் மேனேஜரிடம் பேசிவிடுங்கள். பிளாஸ்டிக் கேனைக் கண்டாலே விரட்டுவார்கள். உலோகக் கேனுக்கும் சில இடங்களில் தயங்குவார்கள்.

அளக்கும் முறை: பைக் மீட்டரில் காட்டும் கி.மீ.யை நம்பாதீர்கள், டயர் மாறியதால் அது பொய். தடத்தின் நீளத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்குங்கள். பெட்ரோலை லிட்டரில் பார்க்காமல் எடையில் பாருங்கள். கேனைத் தொங்கு தராசில் மாட்டி, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை எடுத்தால் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. 20 சதவீத எத்தனால் கலந்தது (இ20) அதைவிடத் துளி அதிகம். தராசு 400 ரூபாய்.

எத்தனால் என்றதும் இன்னொன்று. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் இ20-இல் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் இழப்பு எதிர்பார்க்கலாம். பழைய ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

எங்களுக்கு மைலேஜ் ஏறிய வரிசை: ஸ்ப்ராக்கெட் மாற்றியதும் 6-லிருந்து 7.2. முன்சக்கரங்கள் அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருந்ததைச் சரி செய்து, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிரேக்கை விடுவித்ததும் 8. ஒரு பைசா செலவில்லாத மாற்றம் கடைசியாக வந்தது. இந்த எஞ்சினின் உச்ச சக்தி 8,000 சுற்றில் வந்துவிடுகிறது. சிவப்புக் கோடு வரை இழுப்பதால் காதுதான் போகும். 8,500-இல் கியர் மாற்றப் பழகியதும் 8.5 தொட்டது, சுற்று நேரம் ஒரு வினாடிகூடக் குறையவில்லை, கூடவும் இல்லை.

டேங்க் சின்னதாக, ஆழமாக இருக்கட்டும். அகலமான தட்டை டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போதே திருப்பத்தில் பம்ப் காற்று குடிக்கும். உள்ளே தடுப்புத் தகடு, அடியில் பம்புக்கு ஒரு குழி. எங்களுடையது 12 லிட்டர்.

6. உடம்பைக் காப்பாற்றுவது

காது முதலில். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உங்கள் ஒரு ஓட்டமே இருபது நிமிடம். ஹெல்மெட் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே நுரைக் காதடைப்பான் வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஜோடி முப்பது ரூபாய். இந்தக் கட்டுரையில் இதைவிட மலிவான யோசனை இல்லை.

அதிர்வுக்கு எல்லாரும் செய்யும் தப்பு, எஞ்சினை மெத்தென்ற ரப்பரில் உட்கார வைப்பது. செயின் இழுக்கும்போது எஞ்சின் நகர்ந்து, செயின் கோணலாகி, பல் தேய்ந்து, மைலேஜும் போகும். எஞ்சினைக் கெட்டியாகப் பூட்டுங்கள். ரப்பரை உங்களுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் வையுங்கள்: சீட்டுக்கு அடியில், பெடல் முன் கால் ஊன்றும் தகட்டுக்கு அடியில்.

சீட்டுக்கு, இரண்டு திரவத்தைக் கலந்தால் பொங்கி நுரையாகும் பாலியூரிதேன் வாங்கி, கெட்டியான குப்பைப் பையில் ஊற்றி, அதன்மேல் உட்கார்ந்து உடம்பின் அச்சை எடுக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அது பொங்கும்போது சுடும், எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஏறும். ஒரே தடவையில் ஊற்றாமல் மூன்று தடவையாக, பழைய சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள். அசையாமல் இருபது நிமிடம் உட்கார வேண்டும். என் நண்பனுக்குச் சரியாக அப்போதுதான் போன் வந்தது. அவன் சீட்டில் இன்றைக்கும் இடது பக்கம் சாய்வு. அச்சு காய்ந்ததும் சிவாஜிநகர் குஷன் கடையில் தீப்பிடிக்காத துணி போர்த்தி வாங்கினோம். சீட் ஒன்றுக்கு 6,000 ரூபாய். இடுப்புப் பிடிப்பு அன்றோடு போனது.

பெடல்: பைக் கிளட்ச் கேபிள் கைக்குச் செய்தது. காலால் மிதித்தால் ஒரே மாதத்தில் பிய்ந்துவிடும். பெடலுக்குப் பின்னால் ஒரு போல்ட் வைத்து, கிளட்ச் பிரிந்ததும் பெடல் அதற்கு மேல் போகாமல் தடுங்கள். ஆக்சிலேட்டருக்கும் அதே. நூறு ரூபாய் போல்ட் இல்லாததால் நாங்கள் ஒரு முழு நாள் தடக் கட்டணத்தை இழந்தோம்.

சூடு: சைலன்சர் குழாய்க்குத் துணி சுற்றினால் மட்டும் போதாது. குழாய்க்கும் உடம்புக்கும் நடுவில் அலுமினியத் தகடு, அதற்கும் சட்டகத்துக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியில் ஓடும் காற்றுதான் வேலை செய்கிறது.

காற்று: திறந்த வண்டியில் தலையைக் காற்று பிடித்து உலுக்கும். ஆள் இல்லாத பக்கத்தைத் தார்ப்பாய்த் துணியால் மூடி பட்டன் போட்டுப் பாருங்கள். கழுத்து வலி குறையும். வேகத்தில் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டுமே.

7. ஆளுக்கான காகிதங்கள்

போட்டியில் ஓட வேண்டுமென்றால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகக் கூட்டமைப்பின் ஓட்டுநர் லைசென்ஸ் வேண்டும். வயதுச் சான்று, போட்டோ, ரத்த வகை, டாக்டர் கையெழுத்துப் போட்ட உடல்தகுதிச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால் டிசம்பரில் எடுத்து ஒரு மாதத்தில் வீணாக்காதீர்கள். சும்மா பழகும் நாட்களுக்கு நடத்துபவரின் விதிகள்தான். வண்டியின் போட்டோக்களை முன்கூட்டியே அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீட்டில் கட்டிய வண்டி என்றால் வாசலில் வைத்து யோசிப்பார்கள்.

ஹெல்மெட் வாங்கும்போது கவனம். ஸ்னெல் சான்றில் எம் என்பது பைக்குக்கு, எஸ்.ஏ. என்பது காருக்கு, இரண்டாவதில்தான் தீத்தடுப்பு உண்டு. நான் பைக் ஹெல்மெட் வாங்கி 14,000 ரூபாய் வீணாக்கினேன்.

மோட்டார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு. உங்கள் சொந்த விபத்துப் பாலிசியிலும் மருத்துவப் பாலிசியிலும் விலக்குப் பட்டியலை ஒரு தரம் படியுங்கள். ஆபத்தான விளையாட்டு என்ற வரி அநேகமாக இருக்கும்.

8. கோவைக்குக் கொண்டு போவது

சொந்தமாக டிரெய்லர் செய்யலாம் என்று தோன்றும். டிரெய்லருக்கும் பதிவு வேண்டும்; அதற்காக இன்னொரு முறை ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க மனம் வரவில்லை. தட்டை லாரி வாடகைக்கு எடுத்தோம். போக, வர, இரண்டு நாள் காத்திருப்பு சேர்த்து 30,000 ரூபாய். இன்னொரு வண்டியோடு பகிர்ந்தால் பாதி. பேசும்போதே தமிழ்நாட்டுக்குள் போக பர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவர், "பார்த்துக்கலாம் சார்" என்பார். அப்புறம் ஓசூர் ஜுஜுவாடி சோதனைச் சாவடியில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாரியோடு போக வேண்டியவை: எஞ்சின் விற்பனைக் கடிதம், ஆர்.சி. ரத்து ரசீது, பாகங்களின் பில்கள், தடத்தின் முன்பதிவுக் கடிதம், "சொந்தப் பயன்பாடு, விற்பனைக்கு அல்ல" என்று மதிப்போடு கையெழுத்துப் போட்ட ஒரு தாள். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில், அதாவது இணையத்தில் எடுக்கும் சரக்கு வழிச்சீட்டு, கேட்கப்படலாம். ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரும் அதே தளத்தில் குடிமகன் என்ற பிரிவில் எடுக்க முடியும். பத்து நிமிட வேலை. எடுத்துவிட்டால் வழியில் வாதாட வேண்டியதில்லை.

பீன்யாவிலிருந்து விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, நைஸ் ரோடு வழியாக ஓசூர் சாலையைப் பிடித்தால் சில்க் போர்டு பக்கமே போக வேண்டாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், அவிநாசி. தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் லாரியை நிறுத்தி, கட்டிய பட்டைகளை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பட்டையைச் சட்டகத்தில் கட்டாமல் சக்கரங்களில் கட்டுங்கள். சஸ்பென்ஷன் ஆடும்போது சட்டகத்தில் கட்டியது தளரும். டேங்கில் பெட்ரோல் இல்லாமல் ஏற்றுங்கள். லாரிக்கு எட்டு மணி நேரம் ஆகும். வந்த அன்றே ஓட்ட நினைக்காமல், மதியம் சேர்ந்து இரவு தூங்குங்கள்.

மாதம்? டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் கோவைக்கு வடகிழக்குப் பருவமழை.

9. தடத்தில்

டயர் காற்று: கார் கணக்கில் 30 போடாதீர்கள். 450 கிலோ வண்டிக்கு 20 பக்கம் ஆரம்பித்து, டயர் தேயும் அழகைப் பார்த்து மாற்றுங்கள். முதல் ஓட்டம் பத்து நிமிடம் மட்டும். இறங்கி செயின் தொய்வு, ஆயில், தண்ணீர், எல்லா நட்டும். ரிவர்ஸ் கியர் கிடையாது என்பதால் சுவரைப் பார்த்து நிறுத்தாதீர்கள். தள்ள ஆள் தேட வேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் அரை லிட்டர் மோராவது உப்பு போட்டுக் குடியுங்கள். காபி வேண்டாம், அடிக்கடி ஒதுங்க வைக்கும்; தீப்பிடிக்காத உடைக்குள் அது வேறு தொல்லை.

மாலையில் லாரி ஏற்றுவதற்கு முன் டேங்கை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டால் ஈரம் இழுக்கும். போன தடவை எங்களுக்கு இரண்டரை லிட்டர் மிஞ்சியது. நண்பனின் காரில் ஊற்றினோம். தொப்பூர் ஏற்றத்துக்கு ஆயிற்று.